மாளகொப்பாவின் நிறம்

மாளகொப்பா
9 நவம்பர் 1997

சிரஞ்சீவி நாகவேணிக்கு மாமா தர்மப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். தசராவுக்கு மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன், "இந்த வருஷம் நம்ம ஊர் பச்சை, எழுதி வெச்சுக்கோங்க" என்று. ஒருத்தனும் எழுதி வைக்கவில்லை. நாலு நாள் முன்னால் உங்கள் ஆபீஸ் ஆள் வந்து பட்டியலை ஒட்டிவிட்டுப் போனான். குரங்குக் காய்ச்சல் வரும் என்று சிவப்பில் பதினோரு ஊர், வரலாம் என்று மஞ்சளில் இருபது ஊர், பயமில்லை என்று பச்சையில் முதல் பெயரே மாளகொப்பா. உங்கள் ஆபீஸில் அத்தனை பேர் உட்கார்ந்து உண்ணியை எண்ணி, செத்த குரங்கை எண்ணிக் கண்டுபிடித்ததை நான் நாலாம் கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு காற்றை மோந்து பார்த்தே சொல்லிவிட்டேன். உங்கள் பெரிய டாக்டர் ஹெப்பாரிடம் இதைச் சொல்லு. என்னை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டால் ஜீப் பெட்ரோல் மிச்சம்.

ஒரு வருஷமாக உனக்கு நான் கடிதம் போடவில்லை. காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் ஊரைச் சிவப்பில் எழுதினது நீ. பாக்கு உரிக்க மலைக்குக் கீழேயிருந்து வருகிற பெண்கள் ஒருத்தியும் ஏறி வரவில்லை. ஹொசகெரெக்காரர்கள், "சிவப்பு ஊரில் பெண் எடுக்க மாட்டோம்" என்று என் பெண் கமலாக்ஷியின் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். சொந்த அக்கா மகள் கையால் சிவப்பு மை. உன் அத்தை நாலு நாள் அடுப்பு மூட்டவில்லை. சரி, ஒரு நாள். இப்போது பச்சை என்று தெரிந்ததும் அவர்களே ஆள் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் கல்யாணம். நீயும் அக்காவும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும்.

கார்டில் நீ கேட்டிருந்த குரங்கு விஷயம். ஆமாம், குரங்கு செத்தது. காய்ச்சல் எல்லாம் இல்லை, கரண்டு. ஸ்கூலுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் கம்பியில் தாவினது, நீலப் பொறி பனைமர உயரத்துக்குப் பறந்தது, நான் என் ரெண்டு கண்ணால் பார்த்தேன். அனுமாரை அப்படியே விட முடியுமா? புது வேட்டி போர்த்தி, மாலை போட்டு, ஜாகட்டை மணி அடித்து, நூற்றைம்பது பேர் ஊர்வலம். நான்தான் தோளில் சுமந்தேன். எரித்து, மூணாம் நாள் பாலும் ஊற்றியாகிவிட்டது. மந்திரிக்குக்கூட அப்படி ஒரு சாவு நடக்காது.

இதே காய்ச்சலில் கிடந்த உன் அப்பா மஞ்சப்பாவை நான் கம்பளியில் கட்டிப் பதினாறு மைல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கதையை அன்றைக்கு எல்லோருக்கும் திரும்பவும் சொன்னேன். பின்பக்கம் தூக்கின ஹாலப்பாவுக்குக் காது மந்தம், அதனால் உன் அப்பாவின் கடைசி வார்த்தையைக் கேட்டது நான் ஒருத்தன்தான். "தர்மா, என் வேணியைப் படிக்க வை." அந்த வாக்கால்தான் நீ இன்றைக்கு ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் ஊருக்கே நிறம் அடிக்கிறாய். மறக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா தர்மப்பா


14 நவம்பர் 1997

அன்புள்ள மாமாவுக்கு வேணியின் நமஸ்காரம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "நூற்றைம்பது பேராம், ஊரில் இருப்பதே பத்தொன்பது வீடு" என்று சிரித்தாள்.

மாமா, உங்கள் எண்களை எப்படிப் படிப்பது என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். நூற்றைம்பது என்றால் முப்பது. பனைமர உயரம் என்றால் ஓர் ஆள் உயரம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எப்படிக் குறைத்துப் படிப்பது என்று தெரியவில்லை. செத்தது கரண்டிலா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், பஞ்சாயத்தில் ஒட்டியிருப்பது முதல் பட்டியல்தான். முப்பதாம் தேதி அதை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சல் மனுஷரைத் தொடுவதற்கு முன்னால் குரங்கைத் தொடுகிறது. ஒரு குரங்கு காரணமில்லாமல் மரத்தடியில் செத்துக் கிடந்தால் அந்தக் காட்டு உண்ணிகளில் நோய் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஊர் சிவப்பு. சிவப்பு ஊருக்குத்தான் முதலில் ஊசி, முதலில் உண்ணி ஏறாமல் உடம்பில் பூசுகிற எண்ணெய். ஊசி ரெண்டு தவணை, நடுவில் ஒரு மாதம். டிசம்பர் முதல் வாரத்தில் போடாவிட்டால், சங்கராந்தி முடிந்து நீங்கள் எல்லோரும் சருகு வாரக் காட்டுக்குள் போகும்போது போட்டும் பயனில்லை. எல்லா ஊருக்கும் போட மருந்து கிடையாது. அதனால்தான் இந்த நிறங்கள். யாரையும் அவமானப்படுத்த இல்லை.

குரங்கை எரிக்காமல் வைத்திருந்தால் உடம்பே எங்களுக்குச் சொல்லியிருக்கும். இப்போது மாளகொப்பாவைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே காகிதம் உங்கள் கடிதம். நீங்கள் கம்பி என்று சொன்னால் கம்பி என்று எழுதுவேன்.

போன வருஷம் சிவப்பு எழுதியது நான்தான். கமலாக்ஷி சம்பந்தம் எனக்குத் தெரிந்தே எழுதினேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இதை உங்களிடம் சொல்லும் தைரியம் ஒரு வருஷமாக இல்லை.

இன்னொன்று. செத்த குரங்கு உடம்பை விட்டு உண்ணி இறங்கும், பக்கத்தில் கிடைக்கிற உடம்பில் ஏறும். தோளில் சுமந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டுமாவது பொய்யாக இருக்கட்டும்.

வேணி


மாளகொப்பா
18 நவம்பர் 1997

நாகவேணிக்கு,

நான் சொன்னதைப் பங்கு போட்டு, கழித்துப் படிக்க நான் என்ன ரேஷன் கடையா? என் வார்த்தையில் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பி என்றால் கம்பிதான். இரண்டாவது குரங்குக்கும் அதே கம்பிதான். முகம் கொஞ்சம்கூடக் கருகவில்லை, தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. அனுமாருக்கு அந்த மரியாதையைக் கரண்டே கொடுத்திருக்கிறது.

உங்கள் ஆள் ஒருத்தன் வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில் இழுத்துக்கொண்டு அலைகிறானே, அதில் ஒட்டுகிற உண்ணியை எண்ணத்தானே? போன வாரம் ஓடைக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டுப் போனான். இந்தப் பக்கம் வரவில்லை. நான்தான், "இங்கே என்ன இருக்கு, போய்யா. உன் வேட்டியை வேற எங்கயாவது துவைச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டேன். ஜீப்பைப் பார்த்தாலே ஹொசகெரெவரைக்கும் பேச்சுப் போய்விடும். சம்பந்தி ராமப்பா பாக்கு மண்டியில் என்னைப் பிடித்து, "ஊர் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று இல்லை. ஊர் எப்படி. ஒரு பெண்ணைப் பெற்றவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று உங்கள் பட்டியலில் ஒரு கட்டம் போட்டு எழுது.

கமலாக்ஷிக்கு இருபத்தாறு வயது. இந்த இடமும் போனால் மூன்றாவது.

நாலைந்து நாளாக எனக்குச் சளி. மண்டை இடி, இடுப்பு விட்டுப் போகிறது. உன் அத்தை மிளகுக் கஷாயம் வைத்தே ஒரு கொடி மிளகைத் தீர்த்துவிட்டாள். எனக்கு வருகிற சளியும் பெரிசாகத்தான் வரும். ஜோனி வெல்லப்பாகும் அப்பெமிடி மாவடு ஊறுகாயும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். கோபம் வேறு, ஊறுகாய் வேறு.

தர்மப்பா


22 நவம்பர் 1997

மாமா,

இரண்டாவது குரங்கு பற்றி நீங்கள் முதல் கடிதத்தில் எழுதவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது சளி இல்லை. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்த ஆஸ்பத்திரி ஆனாலும். பல் ஈறில் ரத்தம் வந்தால் அன்றைக்கே போங்கள். உங்கள் இரண்டு கடிதங்களையும் டாக்டர் ஹெப்பார் படித்தார். "உன் மாமா சொல்றதை வெச்சு ஒரு ஊருக்கு ஊசி கொடுக்கவும் முடியாது, கொடுக்காம இருக்கவும் முடியாது. நீயே முடிவு பண்ணு" என்றார்.

என்னால் முடியவில்லை. உங்களை நம்பிப் பச்சை எழுதினால் கமலாக்ஷிக்குக் கல்யாணம். உங்களை நம்பாமல் சிவப்பு எழுதினால், வேறொரு ஊரின் மருந்தை எடுத்து உங்களுக்குத் தருகிறேன். நீங்கள் சொன்னது நிஜமாக இருந்தால் அந்த ஊருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவை நீங்கள் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு எனக்கு ஏழு வயது. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கம்பளி ஓரத்தில் அப்பாவின் கால் வெளியே தெரிந்தது. யாரோ மூடிவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

வேணி


மாளகொப்பா
27 நவம்பர் 1997
மத்தியான பஸ் கண்டக்டர் கையில்

வேணி,

கம்பி இல்லை. பொறியும் இல்லை. அந்த வாரம் முழுக்க ஊரில் கரண்டே கிடையாது.

குரங்கு ரெண்டும் பலா மரத்தடியில் கிடந்தன. நவம்பர் 3 ஒன்று, 6 ஒன்று. தோட்டத்துக்கு மேலே, சருகுக் காட்டு ஓரம். ஊர்வலத்தில் பதினான்கு பேர். யார் கேட்டாலும் கரண்டு என்று சொல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். தோளில் சுமந்தது நிஜம். ரெண்டு தடவையும்.

இன்றைக்குக் காலையில் கமலாக்ஷி மாட்டுக் கொட்டிலுக்குச் சருகு வார மேலே போனாள். நான் படுத்திருந்ததால் போகாதே என்று சொல்ல முடியவில்லை. வந்து, "அப்பா, அங்க ஒரு குரங்கு தூங்குது" என்றாள். அவள் பாவாடை ஓரத்தில் சின்னச் சின்னதாக ஒன்பது உண்ணி. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்பதுதான். எண்ணித்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது குரங்கை யாரும் தொடவில்லை. ஓலை போட்டு மூடி, சுற்றி முள் வைத்திருக்கிறேன். உன் ஆட்களை அனுப்பு.

சிவப்பு எழுது.

தர்மப்பா


4 டிசம்பர் 1997

அன்புள்ள மாமா,

எழுதிவிட்டேன்.

குரங்கின் உடம்பில் நோய் இருந்தது. எங்கள் ஆட்கள் எடுத்து வந்த உங்கள் ரத்தத்திலும் இருந்தது. நீங்கள் பிழைத்திருப்பது எப்படி என்று டாக்டர் ஹெப்பார் கேட்கச் சொன்னார். அதற்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. கமலாக்ஷிக்கு இதுவரை காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். இன்னும் ஐந்து நாள் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஊசி போட வருகிறார்கள். போன வருஷம் உங்கள் ஊரில் நாலு பேர்தான் ரெண்டாவது தவணைக்கு வந்தார்கள். ஊசி வலிக்கும், அது உண்மை. எங்கள் ஆட்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், மாமா. எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். இந்தத் தடவை நான் குறைத்துப் படிக்க மாட்டேன்.

ஹொசகெரெ சம்பந்திக்கு அம்மா தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள்.

வேணி


மாளகொப்பா
11 ஜனவரி 1998

சிரஞ்சீவி வேணிக்கு ஆசீர்வாதம்.

இந்த வருஷம் ஜில்லாவிலேயே முதல் நோயாளி யார்? உன் மாமா. ரெண்டாவது ஆள் எனக்கு இருபது நாள் பின்னாடி. நர்ஸம்மாவே நோட்டைக் காட்டினாள், முதல் வரியில் என் பெயர். லேமினேட் பண்ணித் தர முடியுமா என்று கேட்டேன், சிரித்தாள்.

ஊசிக்கு வா என்றதும் முதலில் ஒருத்தரும் வரவில்லை. பசவக்கா கையை மடக்கிக்கொண்டு, "போன வருஷம் சிவப்புன்னாங்க, யாருக்கு என்ன வந்துச்சு? இவங்க நிறம் மாத்துவாங்க, நாம கை நீட்டணுமா?" என்றாள். நான் ஸ்கூல் பெஞ்சில் ஏறி நின்றேன். சட்டையைக் கழற்றி, காய்ச்சலில் எலும்பும் தோலுமான என் உடம்பைக் காட்டினேன். "எருமை மாதிரி இருந்த தர்மப்பாவைக் கடுகத்தனை உண்ணி கவுத்துடுச்சு. உங்களை விட்டுடுமா?" என்றேன். பிறகு மஞ்சப்பா கதையைச் சொன்னேன். கம்பளி, பதினாறு மைல், கடைசி வார்த்தை, எல்லாம். "அவன் படிக்க வைக்கச் சொன்ன பொண்ணுதான் இந்த ஊசியை அனுப்பியிருக்கு. வேண்டாம்னா அவன் முகத்துல போய்ச் சொல்லுங்க" என்றேன். பசவக்காதான் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ரெண்டாவது தவணைக்கும் அறுபத்தெட்டுப் பேர். நர்ஸம்மாவின் நோட்டைப் பார்த்துக்கொள், நான் கூட்டவில்லை.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். இனிமேல் குரங்கு விழுந்தால் முதலில் உங்கள் ஆட்களுக்குத் தகவல், அவர்கள் எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு வேட்டி, மாலை, பால். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "அனுமாரே மலையைத் தூக்கிட்டு வந்தது வைத்தியத்துக்குத்தானே" என்றேன். பால் மட்டும் தன் கையால்தான் ஊற்றுவேன் என்று இறங்கி வந்தார். இது முழுக்க என் யோசனை, வேறு யாராவது பெயர் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள், கவனமாக இரு.

கமலாக்ஷி கல்யாணம் உடையவில்லை. மே மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அக்கா கடிதத்தில் என்ன எழுதினாளோ தெரியவில்லை, மாப்பிள்ளையே ஒரு நாள் பஸ் ஏறி வந்து வாசலில் மோர் குடித்துவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை. அதுவே பெரிசு.

உன் மாமா தர்மப்பா


19 பிப்ரவரி 1998

அன்புள்ள மாமா,

ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் காய்ச்சல் வந்துவிட்டது, கேள்விப்பட்டிருப்பீர்கள். மாளகொப்பாவில் மூன்று பேர், மூவரும் எழுந்துவிட்டார்கள். கமலாக்ஷி பெயர் அதில் இல்லை. பட்டியலை மூன்று தடவை பார்த்தேன்.

இந்தக் கடிதம் வேறொன்றுக்காக. அடுத்த வருஷப் பட்டியலுக்காகப் பழைய கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். நோய் ஒரு தடவை வந்த காட்டுக்குத் திரும்பி வருகிறது, அதனால் எந்த வருஷம் எந்த ஊரில் யாருக்கு வந்தது என்று வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். 1981 கட்டுக்குள் அப்பாவின் ஆஸ்பத்திரித் தாள் இருந்தது. அவருக்கும் ஒரு புள்ளி. நானே வைத்தேன்.

அந்தத் தாளில் இப்படி இருக்கிறது: "நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பேச்சு இல்லை என்று அழைத்து வந்தவர் சொல்கிறார்." கீழே அழைத்து வந்தவர், மைத்துனர் தர்மப்பா. உங்கள் கையெழுத்து. அந்த 'த'வை இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறீர்கள்.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பேச்சில்லை என்றால், கம்பளியில் போகும்போது அவர் எப்படிப் பேசினார்?

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் அப்பாவின் அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லிக்கொண்டு போவேன். கேட்க வேண்டாம் என்று நாலு நாள் இருந்தேன். ஆனால் என் வேலையே இதுதான், மாமா. ரெண்டு காகிதம் ஒத்துப்போகாவிட்டால் கேட்டே ஆக வேண்டும்.

வேணி


மாளகொப்பா
1 மார்ச் 1998

சிரஞ்சீவி வேணிக்கு,

நீ ஒரு நாள் இதைக் கண்டுபிடிப்பாய் என்று எனக்கு அப்பவே தெரியும். இதையும் நான் முன்கூட்டியே சொன்னேன், உன் அத்தையிடம் கேட்டுப் பார். சொல்லவில்லை என்பாள், நம்பாதே.

பதினாறு மைல் என்பேனே, அது ஒன்பது. நாலு இடத்தில் இறக்கி வைத்தோம். வழியில் அவனுக்குத் தண்ணீர் ஊற்றினேன், உள்ளே போகவில்லை. கால் வெளியே தெரிந்தது என்று எழுதியிருந்தாய். தெருவைத் தாண்டினதும் மூடிவிட்டேன். உனக்கு அது தெரியட்டும்.

அவன் போய்ப் பதினைந்தாம் நாள் உன் பெரியப்பாமார் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பெண்ணுக்குப் படிப்பு போதும், மாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், அம்மாவும் பெண்ணும் இங்கேயே ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று முடிவு. நீ தூணுக்குப் பக்கத்தில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏதோ ஒரு கணக்கைப் போட்டு, எச்சில் தொட்டு அழித்து, திரும்பவும் அதையே போட்டுக்கொண்டிருந்தாய். "அந்தப் பொண்ணைப் படிக்க வைங்க, செலவு என்னுது" என்றேன். உன் பெரிய பெரியப்பா சிரித்தார். "தர்மப்பா வீட்டுப் பூனை புலி, தர்மப்பா தோட்டத்துல ஒரு குலைல ஆயிரம் பாக்கு. உன் பேச்சை யாருப்பா மதிக்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. அது வரைக்கும் நான் சொன்ன எதையும் யாரும் நம்பினதில்லை, நானும் நம்பும்படி ஒன்றும் சொன்னதில்லை.

செத்தவன் பேச்சை மதிப்பார்கள். அதனால் அவன் சொன்னான் என்றேன். உன் பெரிய பெரியப்பாவே சரி என்றுவிட்டார். உன் அம்மா அழுதாள். மறுநாள் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கூலில் திரும்பவும் விட்டேன்.

வேறு யாருடைய பெருமையையும் நான் என் பெயரில் எழுதிக்கொள்வேன், அது உனக்குத் தெரியும். இது ஒன்றைத்தான் வேறொருத்தன் பெயரில் எழுதினேன். இவ்வளவு வருஷம் சொல்லிச் சொல்லி, அவன் குரலிலேயே எனக்குக் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

உன் வரைபடத்தில் அவன் புள்ளி இருக்கட்டும். காகிதத்தில் இருப்பதுதான் சரி. மஞ்சப்பா ஒன்றும் சொல்லவில்லை, வேணி. அந்த வார்த்தை நான் போட்டது.

உன் மாமா
தர்மப்பா